புதிய லைன் சூப்பர்வைசர்களுக்கான ஆறு வாரப் பயிற்சி: திருப்பூரிலிருந்து ஒரு மதிப்பீடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் (வரிசையாகப் போட்ட தையல் மிஷின்களில் நடக்கும் வேலையை மேற்பார்வையிடுபவர்) இடம் காலியானால், அந்த லைனிலேயே வேகமாகவும் சுத்தமாகவும் தைக்கும் டெய்லரை அழைத்து, வருகிற திங்கட்கிழமையிலிருந்து லைனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடைமுறை. சனிக்கிழமை வரை தன் மிஷினையும் தன் பண்டிலையும் (தைப்பதற்காகக் கட்டித் தரும் வெட்டுத் துணிகள்) மட்டும் கவனித்து வந்தவர், திங்கட்கிழமை முதல் இருபத்தைந்து முப்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும், புதிதாக வந்தவருக்குத் தையல் சொல்லித்தர வேண்டும், செக்கிங்கிலிருந்து திரும்பி வரும் பீஸ்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், நேற்றுவரை பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நண்பர் தாமதமாக வந்தால் அதையும் கேட்க வேண்டும். நன்றாகத் தைப்பதற்குத் தேவையான திறமை வேறு, லைனை நடத்துவதற்குத் தேவையான திறமை வேறு என்பது எல்லா நிர்வாகத்துக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் இரண்டாவதைக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு நாளைக்கூட ஒதுக்காமல் ஆளை லைனில் நிறுத்துகிறார்கள். சில மாதங்களில் அவர் மறுபடியும் மிஷினுக்கே போய்விட்டால், அவருக்கு ஆள் மேய்க்கத் தெரியவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

முன்பு இதற்கு வேறொரு வழி இருந்தது. கைமடித்துக் கொடுக்கும் பையனாக வந்தவர் டெய்லராகி, ஒரு காண்ட்ராக்டருடன் சில ஆண்டுகள் கூடவே நின்று, ஆள் பிடிப்பது, கணக்குப் பார்ப்பது, சண்டை தீர்ப்பது எல்லாவற்றையும் பார்த்துப் பழகி, பிறகு தானே பவர் டேபிள் (மின்சாரத் தையல் மிஷின்கள்) போட்டு உட்கார்ந்தார். இன்றைய திருப்பூர் முதலாளிகளில் கணிசமானோர் அப்படி வந்தவர்கள்தாம். சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களுமே லைனில் இருந்த காலத்துக்கு அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. இன்று அதே லைனில் காங்கயத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்களும், பீகாரிலிருந்து வந்த இளைஞர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஆடிட்டர்கள், சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறார் என்பதைத் தொழிலாளர்களிடமே தனியாகக் கேட்டுப் போகிறார்கள். பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட இப்போது அவகாசமும் இல்லை, இடமும் இல்லை.

கோவையில் அவினாசி சாலையை ஒட்டி இயங்கும் ஒரு தனியார் பயிற்சி மையம், புதிதாகப் பொறுப்பேற்ற சூப்பர்வைசர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் நடத்தும் ஆறு வாரப் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்பீடு. நடுத்தர அளவிலான ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பணியாளர் பயிற்சியைக் கவனிக்கும் பொறுப்பில் நான் இருக்கிறேன். எங்கள் புதிய சூப்பர்வைசர்களை அடுத்தடுத்த அணிகளில் அனுப்பியதுடன், சில வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்தும், பயிற்றுநர் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது கூடவே நின்றும் பார்த்தேன். குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பிலான பயிற்சியைக் கொங்கு வட்டாரத்தில் வேறு சிலரும் நடத்துகிறார்கள் என்பதால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் வாசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு. அந்த நாளில் கற்றதை அடுத்த வகுப்புக்குள் தன் லைனில் செய்து பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். இடையில் பயிற்றுநர் ஒவ்வொருவருடைய கம்பெனிக்கும் நேரில் வந்து, அவர் வேலை செய்வதைப் பார்க்கிறார். கட்டணம், ஒரு புதிய லைன் சூப்பர்வைசரின் அரை மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. பங்கேற்பவர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் இல்லை. கோவையின் பம்பு கம்பெனிகளிலிருந்தும், வார்ப்பட ஆலைகளிலிருந்தும், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலிருந்தும், திருப்பூரிலிருந்தும் கலந்து வருகிறார்கள். இந்தக் கலப்பு முதலில் எனக்குத் தயக்கத்தைக் கொடுத்தது என்றாலும், வார்ப்பட ஆலையில் அச்சு போடும் குழுவை நடத்துபவரும் பனியன் லைனை நடத்துபவரும் ஒரே சிக்கலை வேறு வேறு சொற்களில் சொல்வதைக் கேட்ட பிறகு, இது தனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை என்ற தெளிவு அவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தேன்.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி, வேலை கற்றுக்கொடுக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கும் முதல் இரண்டு வகுப்புகள். இந்த முறை புதியது ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமே இல்லாத தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கு விரைவாக வேலை பழக்குவதற்காக அந்நாட்டு அரசு 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தை நடத்தியது. வேலை கற்றுக்கொடுப்பது, வேலை முறையைச் சீராக்குவது, பணியாளர்களுடனான உறவைப் பேணுவது என்று முதல்நிலை மேற்பார்வையாளர்களுக்காகவே அதில் மூன்று பாடங்கள் இருந்தன. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், 1950-களில் டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றி, இன்றைக்கும் அங்கே பயன்பாட்டில் இருக்கிறது. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தப் பாடத்தின் அடிப்படை வாசகம். "எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பொண்ணுக்கு ஏறவே மாட்டேங்குதுங்க" என்ற பேச்சு அன்றாடம் கேட்கும் லைன்களுக்கு இந்த வாசகம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறையிலேயே ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் வைத்திருந்தார்கள். தையல் மிஷின் பக்கமே போகாத ஒரு பம்பு கம்பெனி இளைஞரை அதில் உட்காரவைத்து, டி-சர்ட் கழுத்தில் ரிப் (இழுபடும் பின்னல் பட்டை) வைக்கும் வேலையைப் பயிற்றுநர் முதலில் வாயால் மட்டும் விளக்கினார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேகமாகத் தைத்துக் காட்டினார். அப்போதும் அவருக்கு வரவில்லை. நம் லைன்களில் இந்த இரண்டு வழிகளில்தான் எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பதை வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் உடனே புரிந்துகொண்டார்கள். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போட்டு, வேலையின் படி, அந்தப் படியில் கவனிக்க வேண்டியது, அது ஏன் என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொன்னார். ரிப்பை வளையமாகச் சேர்த்து இரண்டாக மடித்து நான்கு சம பாகமாகக் குறிப்பது, கழுத்தையும் அப்படியே நான்காகக் குறிப்பது, குறியும் குறியும் சேர வைத்துத் தைப்பது என்று படிகள் வந்தன. கவனிக்க வேண்டியது என்ற பத்தியில், இழுத்துக் கொடுக்க வேண்டியது ரிப்பை மட்டும், உடல் துணி கிடந்தபடி கிடக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஏன் என்ற பத்திக்கு வந்தபோதுதான், பல ஆண்டுகளாக ரிப் வைத்துப் பழகிய எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் சற்று யோசித்து, உடல் துணியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும், அயனிங்கில் எவ்வளவு தேய்த்தாலும் படியாது என்றார். கைக்குத் தெரிந்திருந்ததை அவர் வாய் முதல் தடவையாகச் சொன்னது அங்கேதான்.

அதன்பின் அந்த இளைஞரைத் தைக்கச் சொல்லித் தவறு நேரும் இடத்திலேயே திருத்தினார்கள். இரண்டாம் முறை தைக்கும்போது ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்கிறார், ஏன் என்பதை அவரே சொல்லிக்கொண்டு தைக்க வேண்டும் என்றார்கள். தனியாக விடுவதற்கு முன், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவரைக் கைகாட்டிவிட வேண்டும் என்பதும், முதல் நாள் அடிக்கடி போய்ப் பார்த்து, போகப் போகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த முறையின் கடைசிப் படி. இந்தக் கடைசிப் படியை நம் ஊரில் முழுவதுமாக விட்டுவிடுகிறோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து, மாலை வரை தவறாகவே தைத்து, அடுத்த நாள் அத்தனையையும் பிரிக்க வேண்டி வருவது எல்லாக் கம்பெனிகளிலும் நடப்பதுதான்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் உள்ள லைன்களுக்கு இதன் பயன் இரட்டிப்பாகிறது. கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களை மட்டும் அவர்களுடைய மொழியில் சொல்லத் தெரிந்தால் போதும், மற்றதைக் கையாலேயே காட்டிவிடலாம் என்று பயிற்றுநர் சொல்லி, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டையில் அந்தச் சொற்களை இந்தி ஒலிப்பில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளச் செய்தார். "கப்டா மத் கீஞ்சியே" (துணியை இழுக்காதீர்கள்) என்று, மரியாதை விகுதியுடன் எழுதவைத்தார். இந்தியில் நமக்குத் தெரிந்ததெல்லாம் அதட்டும் வடிவங்களாகவே இருக்கின்றன, அவற்றைத்தான் லைனில் முதலில் கற்றுக்கொள்கிறோம் என்று அவர் வருத்தத்தோடு சொன்னது உண்மை. அந்த அட்டைகள் எங்கள் லைன்களில் மிஷின்களின் பக்கத்தில் இன்றும் ஒட்டப்பட்டிருக்கின்றன.

பணியாளர் உறவு பற்றிய வகுப்பும் சிறப்பாகவே இருந்தது. உண்மை விவரத்தை முதலில் சேகரிப்பது, யோசித்து முடிவெடுப்பது, செயல்படுத்துவது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது என்ற நான்கு படிகளும் அதே போர்க்காலப் பாடத்திலிருந்து வந்தவை. ஆனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் நம் ஊருக்கு உரியவை. வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்த ஓர் அக்காவை லைன் நடுவே எல்லோர் முன்னிலையிலும் கேட்பதுபோல ஒருவரையும், வேலை தொடங்கிய பிறகு ஓரமாக அழைத்துக் கேட்பதுபோல இன்னொருவரையும் நடித்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டாமவர், "ஏனுங்கக்கா, இந்த வாரம் ரெண்டு மூணு நாளா நேரம் தப்புதுங்களே, வீட்டுல ஏதாச்சும் சிரமமுங்களா?" என்று தொடங்கியதும், அந்த அக்காவாக நடித்த பெண், ஊர்ப் பக்கம் வரும் காலை பஸ்ஸின் நேரம் மாறிவிட்டதைச் சொல்ல, பிரச்சினை கம்பெனி வேன் போகும் வழியைச் சற்று மாற்றினால் தீர்ந்துவிடும் என்பது வகுப்புக்கே தெரிந்தது. நம் பேச்சு வழக்கில் இயல்பாகவே இருக்கும் மரியாதை, லைனுக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடுகிறது. வீட்டில் ஒருவரையும் ஒருமையில் அழைக்காதவர்கள்கூட லைனில் வயதில் மூத்த பெண்களை வா, போ என்கிறார்கள். அதை மாற்றுவதற்குப் புதிய பண்பாடு எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்று பயிற்றுநர் அழுத்தமாகச் சொன்னார். நானும் அப்படியே கருதுகிறேன்.

கணக்குப் பகுதியில்தான் மையம் பின்தங்கிவிட்டது. லைனின் திறனைக் கணக்கிடுவது கடினமான காரியம் இல்லை: 25 டெய்லர்கள் 480 நிமிடம் வேலை செய்தால் மொத்தம் 12,000 நிமிடம், ஒரு டி-சர்ட்டுக்கு நிர்ணயித்த தையல் நேரம் 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 900 பீஸ் வெளியே வந்திருக்கும்போது 7,200 நிமிடத்துக்கான வேலை நடந்திருக்கிறது, அதாவது லைனின் திறன் 60 சதவீதம். எட்டாம் வகுப்பு வரை படித்தவருக்கும் பத்து நிமிடத்தில் இது புரியும். ஆனால் மையத்தில் இதற்கு ஒரு முழு வகுப்பை எடுத்துக்கொண்டு, கார் தொழிற்சாலை எடுத்துக்காட்டுகளுடன், முழுக்க ஆங்கிலத்தில் இருந்த திரைக்காட்சியை ஓட்டினார்கள். டெய்லராக இருந்து வந்தவர்கள் அந்த வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. மற்ற வகுப்புகளில் முன்னால் வந்து பேசியவர்கள் இதில் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் சொல்லித்தந்திருக்க வேண்டியது, லைனில் எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்பதைப் பார்க்கும் பழக்கத்தை. தோள் சேர்ப்பவர் மணிக்கு 110 பீஸ் கொடுத்தாலும், கழுத்து ரிப் வைப்பவர் 70 பீஸ்தான் முடிக்கிறார் என்றால், லைனிலிருந்து 70-க்கு மேல் வெளியே வராது. தோள் சேர்ப்பவரை இன்னும் விரட்டினால் ரிப் மிஷினுக்கு முன்னால் பண்டில் குவியுமே தவிர, பெட்டிக்குள் ஒரு பீஸ்கூட அதிகமாகப் போகாது. புதிய சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் தாமே நன்றாகத் தைத்த வேலையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அங்கேயே விரட்டுகிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த வேலை. காகிதத் துண்டுகளைப் பண்டிலாக வைத்து, ஐந்து பேரை வரிசையாக உட்காரவைத்து, ஒருவரை மட்டும் மெதுவாகச் செய்யச் சொல்லிக் கால் மணி நேரம் விளையாட வைத்திருந்தாலே இது மனத்தில் பதிந்திருக்கும். இதை மையத்திடம் எழுத்தில் தெரிவித்தோம். அடுத்த அணியில் திரைக்காட்சி தமிழுக்கு மாறியிருந்தது, கார் தொழிற்சாலை மட்டும் அப்படியே இருந்தது.

வகுப்பறைக்கு வெளியே, பயிற்றுநர் கம்பெனிக்கு வந்து பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியை மற்ற ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஹோட்டல் அரங்கில் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும் தலைமைப்பண்பு வகுப்புகளுக்கு எங்கள் ஆட்கள் முன்பு போயிருக்கிறார்கள்; சான்றிதழும் கோப்பும் வந்தன, திங்கட்கிழமை லைனில் எதுவும் மாறவில்லை. இங்கே பயிற்றுநர் எங்கள் சூப்பர்வைசர் ஒருவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு மணி நேரம் நின்று, அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே வந்தார். இடையில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முடிவில் இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தபோது, நூல் கோன் தேடி ஸ்டோருக்குப் போனது, மிஷின் நின்றபோது மெக்கானிக்கைத் தேடிப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனது, லேபிள் வரவில்லை என்று மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர்களைக் கவனிப்பவர்) போன் செய்தது ஆகியவற்றிலேயே அந்த மணி நேரத்தின் பெரும்பகுதி போயிருந்தது. டெய்லர்களின் பக்கத்தில் அவர் நின்ற நேரம் மிகக் கொஞ்சம்.

அந்தத் தாளைப் பயிற்றுநர் சூப்பர்வைசரிடம் கொடுத்ததோடு நிற்காமல், ஃப்ளோர் இன்சார்ஜிடமும் பேக்டரி மேனேஜரிடமும் காட்டி, இவருக்கு இன்னும் எத்தனை பாடம் நடத்தினாலும் நூல் லைனுக்கு வந்து சேரும் ஏற்பாடு இல்லாமல் பயன் இருக்காது என்று நேரடியாகச் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுப்பவர், காசு கொடுக்கும் நிர்வாகத்திடம் இப்படிச் சொல்வது அரிது. நூலையும் துணைப்பொருள்களையும் முந்தின நாள் மாலையே லைனில் கொண்டுவந்து வைக்க ஒரு ஹெல்பரை நியமித்தோம். சூப்பர்வைசர் லைனைவிட்டு வெளியே ஓடுவது கண்கூடாகக் குறைந்தது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே கட்டணம் தகும் என்பேன்.

பெண்களின் பாதுகாப்பு குறித்த பகுதியை மையம் கடைசி நாளின் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளியிருந்தது. இதை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன். லைனில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்கு மூத்த பெண் பணியாளர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இவற்றையெல்லாம் பயிற்றுநர் சரியாகவே வாசித்தார். ஆனால் ஒரு புதிய சூப்பர்வைசரிடம் ஒரு பெண் அழுதுகொண்டே வந்து நின்றால் அவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைப் பேச நேரமே இல்லாமல் போயிற்று. நம் வட்டாரத்தில் எதையும் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடும் வழக்கம் இருப்பதால், இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவைப்பதே நல்லது என்று சூப்பர்வைசர்கள் மனமாரவே நம்புகிறார்கள். அப்படிச் செய்வது அவர்களுடைய வேலை இல்லை, கேட்டதை வெளியே சொல்லாமல் குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்கள் கடமை என்பதை நடித்துக் காட்டி, திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஆலையில் 2022-இல் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் ஆடை வாங்கும் நிறுவனமும் சேர்ந்து பாலின வன்முறைக்கு எதிராக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும், இந்தப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் முடிப்பதை ஏற்க முடியாது.

யாரை அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். ஃப்ளோர் இன்சார்ஜிடம் பெயர் கேட்டால் தனக்கு நெருக்கமானவரையோ, கம்பெனியை விட்டுப் போய்விடக் கூடாது என்று தான் நினைப்பவரையோ எழுதிக் கொடுப்பது இயல்பு. இந்தியாவின் ஆயத்த ஆடை ஆலைகளில் சூப்பர்வைசர்களுக்கான பயிற்சியை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், இடைநிலை மேலாளர்கள் முன்மொழிந்தவர்களைவிட, அவர்கள் முன்மொழியாதவர்களின் லைன்களிலேயே பயிற்சியால் உற்பத்தி அதிகம் உயர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யும் சேர்ந்து நடத்தும் 'பெட்டர் வொர்க்' திட்டத்தின் ஆய்வில், பெண் சூப்பர்வைசர்கள் பயிற்சி பெற்றபோது உற்பத்தித் திறன் 22 சதவீதம் உயர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், லைனில் பத்தாண்டு அனுபவம் உள்ள, ஆனால் யாரும் பெயர் சொல்லாத, பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மிஷினில் தைக்கும் அக்காக்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது புலப்படும். எங்கள் இரண்டாம் அணியில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள்.

ஆனால் அவர்களை அனுப்புவதற்கு மையத்தின் ஏற்பாடுகளே தடையாக இருக்கின்றன. வகுப்பு கோவையில் நடக்கிறது, மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அங்கிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர், ஊத்துக்குளிப் பக்கமோ காங்கயம் பக்கமோ வீடு என்றால் போய்ச் சேர இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். குழந்தைகள் உள்ள பெண்கள் முதல் வாரத்திலேயே தயங்குகிறார்கள், வீட்டிலும் தடுக்கிறார்கள். நாங்கள் வேன் ஏற்பாடு செய்ததால் தப்பித்தோம். தவிர, வகுப்பு சனிக்கிழமைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் நாள். யார் எத்தனை ஷிப்ட், பீஸ் ரேட்டில் யாருக்கு எவ்வளவு என்று சூப்பர்வைசர் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய நாளில் அவரை வெளியூருக்கு அனுப்பினால், கணக்கில் வரும் எல்லாச் சச்சரவும் திங்கட்கிழமை அவர் தலையில்தான் வந்து விழும். பம்பு கம்பெனிகளுக்கு மாதச் சம்பளம் என்பதால் மையத்துக்கு இது தோன்றவில்லை போலும்.

சம்பளம் பற்றிய இன்னொன்றையும் கம்பெனிகள் யோசிக்க வேண்டும், இதை மையத்தின் மேல் போட முடியாது. பீஸ் ரேட்டில் நன்றாகச் சம்பாதிக்கும் டெய்லர், சூப்பர்வைசர் ஆனதும் நிலையான சம்பளத்துக்கு மாறி, சில மாதங்களில் முன்பைவிடக் குறைவாகவே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நல்ல பயிற்சியும் கொடுத்து, வருமானத்தையும் குறைத்தால், அந்தப் பயிற்சியோடு அவர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். முன்பு வாங்கியதற்குக் குறையாத சம்பளத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புவது நல்லது.

நூற்பாலைக்காரர்கள் இந்த மையத்தைத் தேடி வர வேண்டிய தேவை குறைவு. கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்), ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நீண்ட காலமாகப் பயிற்சி அளித்து வருகிறது. ஸ்பின்னிங் தெரிந்தவர்களே அங்கே சொல்லித்தருகிறார்கள். பின்னலாடைக்கும் சிறு பொறியியல் கூடங்களுக்கும்தான் இது பொருந்தும்.

ஃப்ளோர் இன்சார்ஜ், பேக்டரி மேனேஜர் நிலையில் இருப்பவர்களுக்கு அரை நாள் அறிமுக வகுப்பு ஒன்றையும் மையம் வைத்திருக்கிறது, ஆனால் விருப்பம் இருந்தால் வரலாம் என்ற அளவிலேயே அதை விட்டிருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் யாரையும் அனுப்புவதில்லை. புதிய சூப்பர்வைசர் ஓரமாக அழைத்துப் பேசக் கற்றுக்கொண்டு வந்த அதே வாரத்தில், அவருக்கு மேலே இருப்பவர் லைன் நடுவே அவரையே சத்தம்போட்டால், கற்றதெல்லாம் அன்றைக்கே வீணாகிறது. சேர விரும்பும் கம்பெனிகள் இந்த அரை நாள் வகுப்பையும் சேர்த்தே கேட்டுப் பெற வேண்டும், மேனேஜரைக் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும்.

காலத்தையும் பார்த்துச் சேர்ப்பது நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனஸும் அனுப்ப வேண்டிய சரக்கும் ஒன்றாக நெருக்கும்போது எந்தச் சூப்பர்வைசரையும் ஒரு நாள்கூட வெளியே விட முடியாது. தீபாவளி முடிந்து, ஊருக்குப் போன தொழிலாளர்கள் முழுமையாகத் திரும்பாமல் பாதி லைன்கள் ஓடிக்கொண்டிருக்கும் வாரங்களில் தொடங்கும் அணியே திருப்பூருக்கு ஏற்றது. இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்து பதினைந்து பேர் வரை கொடுத்தால், வகுப்பைத் திருப்பூரிலேயே, சனிக்கிழமை இல்லாத வேறொரு நாளில், மாலை நான்கு மணிக்குள் முடியும்படி நடத்தத் தயார் என்று மையத்தில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனிகளோடு பேசி வருகிறோம்; கட்டணம் கட்டும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறோம்.